ஹிஸ்டோன் அசிட்டைலேற்றத்தைப் பிழையின்றி அளப்பது எப்படி?

செல்லின் கருவில் டி.என்.ஏ., எட்டு ஹிஸ்டோன் புரதங்கள் சேர்ந்த ஒவ்வொரு திரளையும் ஏறத்தாழ 147 கார இணைகள் நீளத்துக்குச் சுற்றியிருக்கிறது. ஹிஸ்டோனின் வாலிலுள்ள லைசின் என்னும் அமினோ அமிலத்தில் அசிட்டைல் தொகுதி சேர்ந்தால், லைசினின் நேர்மின் சுமை நீங்கி டி.என்.ஏ. மீதான பிடி தளர்கிறது. மரபணு படியெடுக்கப்படுவதும் எளிதாகிறது. இத்தொடர்பை உயிர்வேதியியலாளர் வின்சென்ட் ஆல்ஃப்ரே 1964இலேயே முன்வைத்தார். தோலைத் தாக்கும் டி-செல் நிணநீர்ப் புற்றுநோய்க்காக 2006இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற வொரினோஸ்டாட், அசிட்டைலை நீக்கும் நொதிகளைத் தடுக்கும் மருந்தாகும்.

செல்லை உடைத்த பிறகும் அந்த நொதிகள் ஓய்வதில்லை என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். ஆகவே உடைப்புக் கரைசலிலேயே அவற்றைத் தடுக்கும் சோடியம் பியூட்டிரேட்டை 5 மில்லிமோலார் அளவில் சேர்த்து, எல்லா வேலையையும் பனிக்கட்டியின் மீதே செய்யுங்கள். இதைத் தவறவிட்டால், பின்னர் எவ்வளவு கவனமாக அளந்தாலும் செல்லின் உண்மை நிலை கிடைக்காது.

பிரித்தெடுத்த கருக்களை 0.4 நார்மல் கந்தக அமிலத்தில் குறைந்தது அரைமணி நேரம் மெதுவாகச் சுழலவிட்டால், காரத்தன்மை மிகுந்த ஹிஸ்டோன்கள் கரைந்து வரும், டி.என்.ஏ.வும் பெரும்பாலான பிற புரதங்களும் அடியில் தங்கிவிடும். மேல்நீரை வேறு குழாய்க்கு மாற்றி, டிரைகுளோரோஅசிட்டிக் அமிலத்தைத் துளித்துளியாகச் சேர்த்துச் சுழற்றுங்கள். அது தோலைப் பொசுக்கும் என்பதால் கையுறை கட்டாயம். ஹிஸ்டோன் பெரும்பாலும் உருண்டையாகத் திரளாமல், குழாயின் உட்சுவரில் மெல்லிய வெண்படலமாக ஒட்டிக்கொள்ளும். ஒன்றும் இல்லையென்று எண்ணி அதை எறிந்துவிடாதீர்கள். குளிர்ந்த அசிட்டோனால் இருமுறை கழுவி உலர்த்திய பின், சுவர் முழுதும் நனையுமாறு நீர் விட்டுக் கரையுங்கள். ஜெல் சாயம் சேர்த்ததும் நீலம் மஞ்சளாக மாறினால் அமிலம் மிஞ்சியிருக்கிறது. சிறிது டிரிஸ் கரைசல் அதைச் சரிசெய்யும்.

15 சதவீத ஜெல்லில் ஓட்டி, 0.2 மைக்ரான் துளையுள்ள சவ்வுக்கு மாற்றுங்கள். துளை பெரிதானால் இச்சிறு புரதம் கடந்து போய்விடக்கூடும். ஒப்பீட்டுக்கு, வழக்கமாகப் பயன்படும் ஆக்டின் என்ற செல் புரதத்தை நம்பாமல், ஹிஸ்டோன் வகைகளுள் ஒன்றான எச்3இன் மொத்த அளவையே கொள்ளுங்கள். வொரினோஸ்டாட் கொடுத்த செல்களின் மாதிரி ஒன்றையும் உடன் ஓட்டினால், அசிட்டைலேறிய ஹிஸ்டோனை அடையாளம் கண்டு ஒட்டும் எதிர்ப்பொருள் சரியாக வேலை செய்கிறதா என்பது அதே சவ்வில் தெரிந்துவிடும்.

சவ்வில் அந்த எதிர்ப்பொருள் காட்டும் பட்டை அடர்ந்திருப்பது மொத்த அசிட்டைலேற்றம் கூடியதை மட்டுமே காட்டும். எந்த மரபணுவின் மேல் கூடியது என்பதை அறிய, அதே எதிர்ப்பொருளால் குரோமாட்டினை, அதாவது டி.என்.ஏ.வும் ஹிஸ்டோனும் சேர்ந்த தொகுப்பை, பிடித்தெடுத்து, அதிலுள்ள டி.என்.ஏ.வைப் படிக்க வேண்டும்.