ரூலெட்டில் வுவாசேன், தியேர் கட்டுபவர்கள் கோட்டைவிடும் இடங்கள்

ரூலெட்டில், சுழலும் சக்கரத்தில் பந்து எந்த எண்ணில் விழும் என்று பணம் கட்டுவார்கள். சக்கரத்தின் ஒரு பகுதி எண்களுக்கு மொத்தமாகக் கட்டுவதற்கான பெயர்கள்தான் வுவாசேன் (0-வின் ‘அண்டை’ எண்கள்), தியேர் (‘மூன்றில் ஒன்று’, எதிர்ப்பக்கத்து 12 எண்கள்), ஒர்ஃபெலேன் (‘அனாதைகள்’, இரண்டிலும் சேராத 8 எண்கள்). மொரீஷியஸ்காரர்களுக்கு இந்தப் பெயர்களுக்கு விளக்கம் தேவையில்லை. வீட்டில் பேசுகிற கிரியோலில் புழங்கும் சொற்கள்தான். சிக்கலும் அங்கேதான். பெயர் புரிகிறதே என்று, பணத்துக்குப் பதிலாக மேசையில் வைக்கும் வில்லையான சிப் எங்கே போய் உட்காருகிறது என்பதைப் பலர் பார்ப்பதே இல்லை.

‘வுவாசேன், ஐம்பது’ என்று சொல்லிவிட்டு ஐம்பது ரூபாயோடு முடிந்தது என்று நினைப்பார்கள். பொதுவாக அது ஒரு சிப்பின் மதிப்பு. வுவாசேனுக்கு 9 சிப் வேண்டும், ஆக 450 ரூபாய். தியேருக்கு 6, ஒர்ஃபெலேனுக்கு 5. சொல்வதற்கு முன் மேசையை நடத்தும் டீலரிடம் கேட்டுக்கொள்வதில் வெட்கமில்லை.

அப்புறம், எந்த எண் விழுந்தாலும் ஒரே பணம் வரும் என்ற நினைப்பு. வுவாசேன் என்பது சக்கரத்தில் 22-இலிருந்து பூஜ்யத்தைத் தாண்டி 25 வரை வரிசையாக நிற்கும் 17 எண்கள். மேசையில் 0-2-3 சந்திப்பில் இரண்டு சிப், 25-26-28-29 மூலையில் இரண்டு, மீதி ஐந்தும் 4-7, 12-15, 18-21, 19-22, 32-35 ஆகிய ஜோடி எண்களுக்கு நடுவிலுள்ள கோடுகளில் ஒவ்வொன்று. 0 விழுந்தால் 24 சிப் கைக்கு வரும். 19 விழுந்தால் 18 மட்டும். ஒர்ஃபெலேனில் 1-க்கும் 17-க்கும் 36, மற்ற ஆறு எண்களுக்கும் 18.

‘மூன்றையும் சேர்த்துக் கட்டினால் தோற்க வழியே இல்லையே’ என்று கெட்டிக்காரத்தனமாகக் கேட்பவர்களும் உண்டு. கட்டிப் பாருங்கள்: 20 சிப்பில் 37 எண்ணும் அடங்கிவிடும். ஆனால் 0, 1, 2, 3, 17 விழுந்தால்தான் லாபம். மற்ற 32 எண்களில் எது விழுந்தாலும் 18 திரும்பி வரும், இரண்டு போகும். சராசரி போட்டால் கேசினோவின் பங்கு 2.7 சதவீதம். ஒற்றை எண்ணில் கட்டினாலும் அதே 2.7தான்.

பழைய எண்கள் ஓடும் பலகையைப் பார்த்துக் கட்டுவது இன்னொன்று. ஷான் தெ மார்ஸ் பந்தயத் திடலில் குதிரையின் போன ஓட்டத்தைப் பார்ப்பது சரி, அதே குதிரை, அதே கால். இங்கே தியேர் எட்டு முறை வராமல் போனாலும் ஒன்பதாவது சுற்றில் அதன் வாய்ப்பு 37-இல் 12தான்.

இவ்வளவும் ஒற்றைப் பூஜ்யச் சக்கரத்துக்கு. அதில் 0-வின் இருபுறமும் 26, 32. 00-உம் சேர்ந்த அமெரிக்கச் சக்கரத்தில் 28-உம் 2-உம். வரிசையே வேறு என்பதால் வுவாசேனின் 17 எண்களும் சக்கரமெங்கும் சிதறிக் கிடக்கும். கேசினோவின் பங்கும் 5.26 சதவீதம். 00 கண்ணில் பட்டால் வேறு மேசை பாருங்கள்.