தோட்டப்புறத்திலிருந்து வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்திற்கு: மாணவரும் பெற்றோரும் சேர்ந்து செய்ய வேண்டியவை

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறச் சிற்றூர்களில் வெளிநாட்டுப் படிப்பு பற்றிய பேச்சு பெரும்பாலும், படிவம் ஐந்தின் முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வின் முடிவு வந்த வாரத்தில்தான் தொடங்குகிறது. அப்போது பிள்ளையின் கையில் கடப்பிதழ் இருக்காது, உபகாரச் சம்பளங்களின் விண்ணப்பக் காலம் ஓடிக்கொண்டிருக்கும், அந்த அவசரத்தில் முதலில் வீட்டுக்கு வந்து பேசும் முகவர் எந்தப் பல்கலைக்கழகத்தைக் காட்டுகிறாரோ அதுவே பிள்ளையின் பல்கலைக்கழகம் ஆகிவிடுகிறது. கடல் கடந்து படிப்பது நம் ஊருக்குப் புதிதன்று. சுங்கை சிப்புட்டில் பிறந்த முன்னாள் அமைச்சர் துன் வீ. தி. சம்பந்தன் சிதம்பரத்தின் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில்தான் பட்டம் பெற்றார். ஆனால் இன்று அது தாள்களும் தேதிகளும் நிறைந்த வேலையாகிவிட்டது. படிவம் நான்கிலேயே தொடங்கினால், செம்பனைத் தோட்டத்தில் மாதச் சம்பளத்துக்கு வேலை செய்யும் குடும்பமும் அந்த வேலையைத் தன் கையிலேயே வைத்துக்கொள்ள முடியும்.

முதலில் பட்டம் எங்கே பயன்படப்போகிறது என்று பாருங்கள்

எந்த நாடு, எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்பதற்கு முன்பு, படித்துவிட்டுத் திரும்பினால் அந்தப் பட்டத்தை வைத்து மலேசியாவில் தொழில் செய்ய முடியுமா என்று கேட்க வேண்டும். மருத்துவம் என்றால், 1971ஆம் ஆண்டு மருத்துவச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் உள்ள பல்கலைக்கழகங்களின் பட்டமே நேரடியாக ஏற்கப்படும். பட்டியலில் இல்லாத இடத்தில் படித்தவர் இங்கே தனியாகத் தகுதித் தேர்வு எழுதித் தேற வேண்டும். பட்டியலை மலேசிய மருத்துவ மன்றத்தின் இணையப்பக்கத்தில் நீங்களே பார்க்கலாம். முகவர் சொன்னார் என்பதற்காக ஐந்தாறு ஆண்டுகளையும் குடும்பத்தின் சேமிப்பையும் பணயம் வைக்காதீர்கள். இந்தியாவில் எம்.பி.பி.எஸ். படிக்க விரும்பும் வெளிநாட்டுக் குடிமக்களும் நீட் தேர்வில் தகுதி பெற வேண்டும் என்பதையும் முன்கூட்டியே அறிந்திருங்கள்.

சட்டம் படிக்க விரும்புவோர் சட்டத் தொழில் தகுதி வாரியத்தின் நிபந்தனைகளைப் பார்க்க வேண்டும். வெளிநாட்டில் சட்டப் பட்டம் பெற்றவர்கள் பலர் இங்கே சி.எல்.பி. என்ற சட்டத் தொழில் தகுதித் தேர்வு எழுதிய பிறகே வழக்கறிஞராக முடிகிறது. பொறியியலில் நிலைமை எளிது. பொறியியல் படிப்புகளின் தரச்சான்றை நாடுகள் தமக்குள் ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்பாட்டில் மலேசியா 2009இல் முழு உறுப்பினரானதால், அதே உடன்பாட்டில் உள்ள பிரிட்டன், ஆஸ்திரேலியா, அமெரிக்கா போன்ற நாடுகளில் தரச்சான்று பெற்ற பொறியியல் படிப்புகளுக்கு இங்கே வழி இருக்கிறது. ஆனால் பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டும் போதாது. நீங்கள் சேரும் அந்தக் குறிப்பிட்ட படிப்புக்குத் தரச்சான்று இருக்கிறதா என்று பாருங்கள்.

எஸ்.பி.எம்.மிலிருந்து பட்டப்படிப்பு வரை

பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் பொதுவாக எஸ்.பி.எம். மட்டும் வைத்து இளங்கலையின் முதலாண்டில் சேர முடியாது. இடையில் எஸ்.டி.பி.எம். (படிவம் ஆறின் தேர்வு), ஏ லெவல், அடிப்படைக் கல்வி, டிப்ளோமா ஆகியவற்றில் ஒன்று வேண்டும். எங்கள் பகுதிக் குடும்பங்களுக்கு நான் முதலில் சொல்வது படிவம் ஆறு. அது கடினமானது என்ற அச்சத்தில் பலர் விலகிப்போகிறார்கள், உண்மையில் கடினமானதுதான். ஆனால் வீட்டிலிருந்தபடியே, அரசுப் பள்ளியில், மிகக் குறைந்த செலவில் மூன்று பருவங்களில் முடிகிறது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் அதை ஏற்கின்றன. தனியார் கல்லூரியின் ஏ லெவலுக்குச் செலவாகும் தொகையைப் பிறகு விமானச் சீட்டுக்கும் முதல் சில மாத வாடகைக்கும் வைத்துக்கொள்ளலாம். எஸ்.பி.எம்.மில் மலாய் மொழியிலும் வரலாற்றிலும் தேறாவிட்டால் சான்றிதழே கிடைக்காது என்பதால், அறிவியல் பாடங்களில் மூழ்கி அவ்விரண்டையும் கைவிடக் கூடாது.

முழுப் படிப்பையும் வெளிநாட்டில் படிப்பது ஒன்றே வழி என்றும் எண்ண வேண்டாம். இரண்டாண்டு இங்கே, ஓராண்டு அங்கே என்ற இணைப்புப் படிப்புகளில் பட்டம் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பெயரிலேயே வருகிறது, செலவும் பெரிதும் குறைகிறது. சன்வேயில் மோனாஷ், செமினியில் நாட்டிங்ஹாம், மிரியில் கர்ட்டின், கூச்சிங்கில் ஸ்வின்பர்ன் ஆகியவற்றின் கிளை வளாகங்களும் உள்ளன. பி.டி.பி.டி.என். என்ற அரசு உயர்கல்விக் கடன் உள்நாட்டுக் கல்விக்கூடங்களில் படிப்போருக்கே உரியது என்பதால், இந்த வேறுபாடு பல குடும்பங்களின் முடிவையே மாற்றக்கூடும்.

பெயர் எல்லாத் தாளிலும் ஒன்றாக இருக்க வேண்டும்

தோட்டப்புறக் குடும்பங்கள் அதிகமாகத் தடுமாறுவது மதிப்பெண்ணில் அன்று, பெயரில். தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) காதில் விழுந்தபடி எழுதிக்கொடுத்த பெயர் தந்தையின் பிறப்புப் பத்திரத்தில் ஒரு விதமாகவும், மைகாட் அடையாள அட்டையில் வேறு விதமாகவும், பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் மூன்றாவது விதமாகவும் இருப்பதை இன்றும் பார்க்கிறோம். முனியாண்டி என்ற பெயர் ஒரு தாளில் ஆங்கில ‘வை’ (Y) எழுத்தோடும் இன்னொன்றில் ‘ஐ’ (I) எழுத்தோடும் முடிந்திருக்கும். ஊருக்குள் இது யாருக்கும் இடைஞ்சலாக இல்லை. ஆனால் தந்தையின் வங்கிக் கணக்கைக் காட்டி மகன் விசா கேட்கும்போதும், ஊழியர் சேமநிதி வாரியத்தில் பிள்ளையின் கல்விக்காகப் பணம் எடுக்கும்போதும், இருவரும் தந்தையும் மகனும்தான் என்பதற்குப் பிறப்புப் பத்திரமே சான்று. ஆகவே படிவம் நான்கில் ஒரு விடுமுறை நாளில் வீட்டிலுள்ள எல்லாத் தாள்களையும் மேசைமேல் பரப்பி, பெயர்களை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபாடு இருந்தால் தேசியப் பதிவுத் துறைக்குச் சென்று கேளுங்கள். குடியுரிமைச் சிக்கல் உள்ள பிள்ளை என்றால், மற்ற எல்லாவற்றுக்கும் முன்பு அதைத்தான் தொடங்க வேண்டும். அதற்கு ஆண்டுகள் ஆகலாம்.

கடப்பிதழில் ‘குமரன் ஏ/எல் முனியாண்டி’ (ஏ/எல் என்பது ‘மகன்’ என்பதன் மலாய்ச் சுருக்கம்) என்று ஒரே வரியில் பெயர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெளிநாட்டுப் படிவங்கள் குடும்பப் பெயரைத் தனியாகக் கேட்கும், சாய்கோட்டை ஏற்க மறுக்கும். எப்படிப் பிரித்து எழுதுவது என்பதை முதல் படிவத்திலேயே முடிவுசெய்து, ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வுக்கான பதிவு, பல்கலைக்கழக விண்ணப்பம், விசா, விமானச் சீட்டு என எல்லா இடத்திலும் அதையே எழுதுங்கள். ஐயம் இருந்தால் சேர்க்கை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதி, வரும் பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

மலாய் மொழியில் உள்ள சான்றிதழ்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு கேட்கப்பட்டால், பக்கத்துவீட்டு ஆசிரியர் மொழிபெயர்த்துக் கையெழுத்திட்டால் போதாது. மலேசிய மொழிபெயர்ப்பு, நூல் கழகம் போன்ற ஏற்கப்பட்ட இடத்தில் சான்றளித்த மொழிபெயர்ப்புப் பெறுங்கள். ஐ.இ.எல்.டி.எஸ். முடிவு இரண்டு ஆண்டுகளுக்கே செல்லும் என்பதால் அதை மிக முன்னதாக எழுதிப் பயனில்லை.

பணம்

கல்விக் கட்டணத்தை மட்டும் கணக்கிடுவது போதாது. பிரிட்டனுக்கு மாணவர் விசா கேட்பவர், 2025 நவம்பர் நிலவரப்படி, லண்டனுக்கு வெளியே மாதம் 1,171 பவுண்டு, லண்டனில் 1,529 பவுண்டு என ஒன்பது மாதம் வரைக்குமான வாழ்க்கைச் செலவுத் தொகையையும், செலுத்த வேண்டிய முதலாண்டுக் கட்டணத்தையும் வைத்திருக்க வேண்டும். அந்தப் பணம் தொடர்ந்து 28 நாள் குறையாமல் கணக்கில் இருந்திருக்க வேண்டும். விசா கட்டணம் போக, மருத்துவச் சேவைக்கென மாணவர்கள் ஆண்டுக்கு 776 பவுண்டு முன்பணமாகக் கட்டுகிறார்கள். மூன்றாண்டுப் படிப்பென்றால் அது புறப்படும் முன்பே பெரிய தொகையாகிவிடும். ஆஸ்திரேலியாவுக்கு ஓராண்டு வாழ்க்கைச் செலவாக 29,710 ஆஸ்திரேலிய டாலர் காட்ட வேண்டும். விசா கட்டணமே 2025 ஜூலையிலிருந்து 2,000 டாலர். ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் ஆண்டுக்கு 11,904 யூரோவை, மாதத்துக்கு ஒரு பகுதி மட்டுமே எடுக்க விடும் முடக்கக் கணக்கில் போட வேண்டும். இத்தொகைகள் அடிக்கடி உயர்வதால், விண்ணப்பிக்கும் மாதத்தில் அந்தந்த அரசின் பக்கத்தைப் பாருங்கள்.

நம் வீடுகளில் சேமிப்பு பெரும்பாலும் நகையாகவும் கூட்டுச் சீட்டாகவும் இருக்கிறது. விசா அதிகாரி இவை இரண்டையும் கணக்கில் எடுக்க மாட்டார். கடைசி வாரத்தில் உறவினரிடம் கைமாற்றாக வாங்கிக் கணக்கில் போடும் பணம் 28 நாள் விதியில் அடிபட்டுப்போகும். ஆகவே கூட்டுச் சீட்டு எடுக்கும் மாதத்தையும் நகையை அடகு வைக்கும் மாதத்தையும் விசா தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி முடிவுசெய்யுங்கள். பெற்றோரின் ஊழியர் சேமநிதியில் அக்காவுன் செஜாத்ரா என்ற கணக்கில் உள்ள தொகையைப் பிள்ளையின் உயர்கல்விக்கு எடுக்கலாம். வெளிநாட்டுப் படிப்புக்கும் இது பொருந்தும். தாத்தா பாட்டி காலத்தில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பங்கு சேர்த்த குடும்பங்கள், கல்வி உதவி பற்றி அங்கேயும் கேட்டுப் பாருங்கள்.

உபகாரச் சம்பளத்தில் பொதுச் சேவைத் துறை, பேங்க் நெகாரா, பெட்ரோனாஸ், யாயாசான் கசானா ஆகியவை எஸ்.பி.எம். மாணவர்கள் முதலில் பார்க்க வேண்டியவை. ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் உதவித்தொகையும் இருக்கிறது. மொழி கற்கத் தயங்காதவர்களுக்கு அது கட்டணத்தோடு மாதச் செலவையும் தருகிறது. பட்டம் பெற்று வேலைக்குச் சென்றவர்களுக்கு முதுகலைக்காகப் பிரிட்டனின் செவ்னிங் உதவித்தொகை உண்டு. அதற்கு ஏறத்தாழ இரண்டாண்டு வேலை அனுபவம் வேண்டும், படித்த பிறகு இரண்டாண்டு நாடு திரும்பியிருக்கவும் வேண்டும். ஒப்பந்தம் உள்ள எந்த உதவியானாலும், உத்தரவாதம் கையெழுத்திடும் மாமாவோ சித்தப்பாவோ பிணைக்காலத்தையும் இழப்பீட்டுத் தொகையையும் வாசித்துப் புரிந்துகொண்ட பிறகே கையெழுத்திட வேண்டும்.

விண்ணப்பமும் தன்விளக்கமும்

பிரிட்டனுக்கு யூகாஸ் என்ற பொது விண்ணப்ப அமைப்பின் வழியாக ஐந்து படிப்புகள் வரை கேட்கலாம், மருத்துவத்தில் நான்குதான். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், மருத்துவம் ஆகியவற்றுக்கு முந்தைய ஆண்டு அக்டோபர் 15 கடைசி நாள். மற்றவற்றுக்குச் சனவரி.

யூகாஸ் விண்ணப்பத்தோடு தர வேண்டிய தன்விளக்கம் (பெர்சனல் ஸ்டேட்மென்ட்) இப்போது மூன்று கேள்விகளாகப் பிரிக்கப்பட்டு, மொத்தம் 4,000 எழுத்துகளுக்குள் அமைகிறது. ‘சிறு வயது முதலே எனக்கு ஆர்வம்’ என்று எழுதுவதில் பயனில்லை. வேதிப் பொறியியல் கேட்கும் மாணவர், தன் தோட்டத்துச் செம்பனை ஆலைக்குப் பின்னால் வரிசையாக இருக்கும் கழிவுநீர்க் குட்டைகளைப் பற்றி எழுதலாம்: ஆலையிலிருந்து சூடாகவும் பழுப்பாகவும் வெளியேறும் நீர் அமிலத்தன்மை உடையது என்பதைப் பள்ளி ஆய்வுக்கூடத் தாளைக் கொண்டு சோதித்தது, குட்டைக்குக் குட்டை வாடையும் நிறமும் மாறுவதைக் கவனித்தது, அந்த மாற்றத்துக்குக் காரணமான நுண்ணுயிர்களைப் பற்றி நூலகத்தில் தேடிப் படித்தது. இலண்டன் மாணவர் எவரும் இதை எழுத முடியாது. ஆலை மேலாளரிடம் அனுமதி கேட்டுப் போய்ப் பாருங்கள், பெரும்பாலோர் மறுப்பதில்லை.

முகவரின் உதவியைப் பெறலாம். ஆனால் பல பல்கலைக்கழகங்கள் அவர்களுக்குத் தரகு தருகின்றன என்பதால், எந்தெந்தப் பல்கலைக்கழகங்களோடு தொடர்பு என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். கடவுச்சொல்லும் மூலச் சான்றிதழ்களும் உங்களிடமே இருக்கட்டும். கட்டணத்தைப் பல்கலைக்கழகத்தின் கணக்குக்கு நேரடியாகச் செலுத்துங்கள்.

புறப்படும் முன்

அங்கே பகுதிநேர வேலை செய்து கட்டணம் கட்டிவிடலாம் என்ற கணக்கு வேண்டாம். பிரிட்டனில் பட்டப்படிப்பு மாணவர் பருவகாலத்தில் வாரத்துக்கு 20 மணி, ஆஸ்திரேலியாவில் இரு வாரத்துக்கு 48 மணி என்பதே வரம்பு. அது மளிகைக்கும் பேருந்துக்கும் உதவும். வரம்பை மீறினால் விசாவே பறிபோகும். குளிருக்கான கனத்த மேலங்கியை இங்கே விலை கொடுத்து வாங்காமல் அங்கே வாங்குங்கள். சென்றதும் மலேசியத் தூதரகத்தில் பதிந்துகொள்ளுங்கள். கடப்பிதழ், சேர்க்கைக் கடிதம், மூலச் சான்றிதழ்கள், மருந்துச் சீட்டு ஆகியவை கைப்பையில் போகட்டும். ஒவ்வொன்றின் நகலும் ஒரு கோப்பில் வீட்டில் அம்மாவிடம் இருக்கட்டும், அக்கோப்பில் எது எங்கே என்பதை அவருக்கும் காட்டிவிட்டுப் புறப்படுங்கள்.