திங்கட்கிழமை 20 நிமிடம்

இலங்கையின் வடக்கில், பரந்தனுக்குப் பக்கத்தில் ஓர் அரிசி ஆலையில் முகாமையாளராக இருக்கிறேன். வேலை சொல்வதும் பிழை பிடிப்பதும்தான் முகாமையாளரின் வேலை என்று பல காலம் நம்பியிருந்தேன். ஒரு பெரும்போக அறுவடைக் காலம் அந்த நம்பிக்கையை மாற்றி, கேள்வி கேட்டு ஆளையே வழி காணவைக்கும் 'கோச்சிங்' முறையை எனக்குப் பழக்கியது.

அவித்த நெல்லைச் சீமெந்துத் தளத்தில் காயவிட்டு, ஈரம் 14 சதவீதத்துக்கு வந்த பிறகுதான் குற்றவேண்டும். எங்கள் மேற்பார்வையாளர் அனுப்பிய நெல்லில் குறுணல், அதாவது உடைந்த அரிசி, கூடிக்கொண்டே போனது. மூன்று தரம் ஏசினேன். மூன்று தரமும் "சரி அக்கா" என்றார். நாலாம் தரம் சாக்கு அடுக்கில் அவருக்குப் பக்கத்தில் இருந்து கேட்டேன்: "தம்பி, தளத்தில எங்கெங்க ஈரம் பாத்தனீர்?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் சொன்னார்: "ஓரத்தில மட்டும்தான் அக்கா. மத்தியானம் நடுவில கால் வைக்க ஏலாது."

ஓரத்தில் நெல் மெல்லிசாகப் பரவியிருக்கும், கெதியாகக் காயும். ஈரம் பார்க்கும் மீற்றர் 14 காட்டியது உண்மைதான், நடுவில் ஈரம் நின்றதும் உண்மைதான். அந்த ஈர நெல்தான் குற்றும்போது உடைந்தது. சூடு தணிந்த பிறகு ஐந்து இடத்தில் பிடி பிடியாக எடுத்துக் கலந்து பார்ப்பதென்று அவரே முடிவெடுத்தார். அவர் போட்ட விதி என்பதால் அது நிலைத்தது.

கோச்சிங் என்பது இதுதான். இப்போது ஒவ்வொரு திங்களும் ஒருவருடன் 20 நிமிடம் இருக்கிறேன். மற்றவர்கள் காதில் விழாத இடமாகப் பாருங்கள். 1980களில் கோச்சிங் முன்னோடி ஜோன் விட்மோரும் கூட்டாளிகளும் இங்கிலாந்தில் வளர்த்த வரிசை எனக்கு உதவுகிறது: என்ன வேண்டும், இப்போது நிலைமை என்ன, என்னென்ன வழி இருக்கிறது, எதை எப்போது செய்யப்போகிறீர். இரண்டாவது கேள்வியில்தான் கனநேரம் நில்லுங்கள், உண்மைக் காரணம் பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும். கேட்டுவிட்டு மனதுக்குள் பத்துவரை எண்ணுங்கள். "முதலே பாத்திருக்கலாம்தானே?" என்பது கேள்வியில்லை, ஏச்சு.

கொதிகலன் அழுத்தம் ஏறும்போது கேள்வி கேட்டுக்கொண்டு நிற்கக்கூடாது, நேரே கட்டளைதான். புதிதாக வந்தவருக்கும் முதலில் செய்து காட்டுங்கள்.

தளத்தில் நெல் கிளறும் அக்காமாரில் பலர் 2009இல் போர் முடிந்த பிறகு தனியாளாகக் குடும்பத்தை நிமிர்த்தியவர்கள். அவர்களுக்கு வழி காணத் தெரியாதென்று நினைப்பதே பெரிய பிழை. ஆகவே மேற்பார்வையாளரும் தன் ஆட்களிடம் இப்படிக் கேட்கப் பழகவேண்டும்.

மேலேயும் அப்படித்தான். எங்கள் முதலாளி என்னைத் தாண்டி நேரே தொழிலாளருக்கு வேலை சொல்லுவார். நான் சொல்லி அது மாறவில்லை. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கமொன்றில் முகாமையாளராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் மாதம் ஒருமுறை முதலாளியோடு தேத்தண்ணி குடிக்க வருவார். "நீங்கள் ஒண்டு சொல்ல, பிள்ளை ஒண்டு சொன்னா, வேலையாள் ஆற்றை சொல்லைக் கேக்கிறது?" என்று பெரியவர் கேட்டபோதுதான் முதலாளி யோசித்தார். பிள்ளை என்றது என்னை. முதலாளிக்கும் இப்படிக் கேட்க ஓர் ஆள் வேண்டும், முதலாளியிடம் சம்பளம் வாங்காத ஆளாக இருந்தால் நல்லது.

பேசி முடிந்ததும் ஒரு கொப்பியில் ஒரே ஒரு வரி எழுதுங்கள்: யார், எதை, எப்போது செய்வதாகச் சொன்னார். அடுத்த முறை அவரோடு இருக்கும்போது அந்த வரியிலிருந்து தொடங்குங்கள்.