டப்பாவின் பின்பக்கம்

காலையில் ஐந்து கிலோமீட்டர் ஓடுகிறவள் நான். ஒரு கட்டத்தில் இரண்டாவது கிலோமீட்டரிலேயே மூச்சு வாங்க ஆரம்பித்தது. ‘சுறுசுறுப்பான பெண்களுக்கு’ என்று பளபளக்கும் எழுத்தில் போட்டிருந்த மல்டிவைட்டமின் ஒன்றை வாங்கி, தினமும் வெறும் வயிற்றில் காபியோடு விழுங்கினேன். குமட்டல்தான் மிச்சம். சிறுநீர் பளீரென்று மஞ்சளாகப் போனதைப் பார்த்துப் பயந்துவிட்டேன். அது உடம்புக்கு மிஞ்சிய வைட்டமின் பி2 என்று அப்புறம்தான் தெரிந்தது.

இரண்டு மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபின் சரி, உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் தரைமட்டம். வீட்டுக்கு வந்து டப்பாவைத் திருப்பி, பொடி எழுத்தை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தேன். பயோட்டின் என்கிற பி வகை வைட்டமின் தேவைக்குப் பல மடங்கு. இரும்புச்சத்து என்ற வரியே இல்லை! 19 முதல் 50 வயது வரையுள்ள பெண்ணுக்கு அமெரிக்கப் பரிந்துரைப்படி நாளுக்கு 18 மில்லிகிராம் வேண்டும். (அதிகப்படி பயோட்டின் தைராய்டு பரிசோதனை முடிவையே குழப்பிவிடும், அது வேறு.)

டாக்டர் சில மாதங்களுக்குத் தனியாக இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அளவு தேறியதும், அவரைக் கேட்டுக்கொண்டு, 18 மில்லிகிராம் இரும்பும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ள சாதாரண மல்டிவைட்டமினுக்கு மாறினேன். கால்சியம் அதில் கொஞ்சம்தான். நல்லதுதான், அது கூடினால் உடம்பு இரும்பை உறிஞ்சுவது குறையும். இப்போது மதியச் சாப்பாட்டோடு போடுகிறேன். வைட்டமின் டி-க்குக் கொஞ்சம் கொழுப்பு வேண்டுமே. காபியும் இரும்பு உறிஞ்சுவதைக் குறைக்கும் என்பதால், அதற்கு இரண்டு மணி நேரம் தள்ளி.

ஐந்தாவது கிலோமீட்டர் திரும்பக் கிடைக்க நான்கு மாதம் ஆனது.