காஸ்ட்லி லேப்டாப் எடுக்கறதுக்கு முன்னாடி ஹிஞ்ச்ச பாருங்க

பெரிய காசு போட்டு லேப்டாப் எடுக்கப்போறீங்கன்னா ப்ராசஸர் ரேம்னு ஸ்பெக்கையே பாத்துட்டு இருக்காதீங்க, அந்த ரேஞ்சுல எல்லாமே வேகமாத்தான் இருக்கும், நாலு வருஷம் கழிச்சு மண்டைய காய வைக்கிறது ஹிஞ்ச் (மூடியையும் அடிப்பாகத்தையும் சேக்கற கீல்), கீபோர்டு, சார்ஜிங் போர்ட், பேட்டரி இதெல்லாம்தான்.

மொதல்ல ஹிஞ்ச். டெமோ பீஸ் கையில கிடைச்சா மூடிய ஒரு விரலால திறங்க, அடிப்பாகம் கூடவே எழும்பாம மூடி மட்டும் சீரா வரணும், பாதியில விட்டா அங்கயே நிக்கணும், டைப் பண்ணும்போது ஸ்க்ரீன் ஆடிட்டே இருக்கக்கூடாது. நான் முன்னாடி வச்சிருந்த ஒண்ணுல வெளிய பளபளன்னு அலுமினியம், ஆனா உள்ள ஹிஞ்ச் ஸ்க்ரூ பிடிச்சிருந்தது பிளாஸ்டிக்ல, நாளாக நாளாக ஹிஞ்ச் டைட்டாகி ஒருநாள் திறக்கும்போது அந்த பிளாஸ்டிக் பிச்சுகிட்டு வந்து ஸ்க்ரீனும் போயிடுச்சு. அதனால வாங்கப்போற மாடல கழட்டிக் காட்டுற வீடியோ யூடியூப்ல இருக்கும், ஹிஞ்ச் எதுல உக்காந்திருக்குன்னு ஒரு தடவ கண்டிப்பா பாத்துடுங்க.

மெட்டல் பாடின்னாலே ஸ்ட்ராங்னு இல்லீங்க. மேக்புக் ஒரே அலுமினிய கட்டையில செதுக்குறது, லேசுல வளையாது, ஆனா முனை அடிபட விழுந்தா நசுங்கினது நசுங்கினதுதான். லெனோவோவோட திங்க்பேட் எக்ஸ்1 கார்பன் மாடல்ல மூடி கார்பன் ஃபைபர், தொட்டா பிளாஸ்டிக் மாதிரி தோணும், லேசா வளையும், வளைஞ்சு திரும்பிடும், எடையும் 1.1 கிலோ பக்கம்தான். பையில திணிச்சு தினமும் அலையறவங்களுக்கு நான் ரெண்டாவதத்தான் சொல்லுவேன்.

மில்-எஸ்டிடி-810ன்னு ஸ்டிக்கர் பாத்து மயங்கிடாதீங்க. அது அமெரிக்க ராணுவத்தோட டெஸ்ட் முறை, அதுல எந்தெந்த டெஸ்ட் பண்ணறதுன்னு கம்பெனியே முடிவு பண்ணிக்கலாம். கீழ விழுந்து உடைஞ்சா சாதாரண வாரன்டில வராது, அதுக்கு தனியா ஆக்ஸிடென்டல் டேமேஜ் கவர் எடுக்கணும்.

கீபோர்டு விஷயத்துல புதுசா வந்த டிசைன்னா கொஞ்ச நாள் பொறுங்க. 2015ல ஆப்பிள் கொண்டுவந்த பட்டர்ஃப்ளை கீபோர்டுல தூசி போனா கீ சிக்கிக்கும், 2018ல அவங்களே இலவசமா சரிபண்ணி தர்ற திட்டம் அறிவிக்க வேண்டியதாச்சு. வெளிவந்த வாரம் போடுற ரிவ்யூல இதெல்லாம் தெரியாது, ஒரு வருஷம் யூஸ் பண்ணவங்க சொல்றத தேடிப் படிங்க.

விலைய எப்படி கம்பேர் பண்ணறதுன்னா, லேப்டாப் விலையோட ஒரு தடவ பேட்டரி மாத்துற செலவையும் வாரன்டி நீட்டிக்கிற செலவையும் கூட்டி, எத்தன வருஷம் ஓட்டப்போறீங்களோ அதால வகுங்க. காஸ்ட்லியா தெரிஞ்சது நிறைய தடவ இதுல சீப்பாயிடும். மேக்புக் ஏர், எக்ஸ்1 கார்பன் ரெண்டுலயும் ரேம் மதர்போர்டோட சேந்தே வரும், அப்புறமா ஏத்தவே முடியாது, அதனால வாங்கும்போதே 16 ஜிபிக்கு கொறையாம எடுங்க. நாமளே கழட்டி மாத்தணும்னா ஃப்ரேம்வொர்க் லேப்டாப் பாருங்க, பார்ட்ஸ் தனித்தனியா விக்கறாங்க.

வாங்கினதும் ரிட்டர்ன் டைம் முடியறதுக்குள்ள சமமான மேசையில வச்சு நாலு கால்லயும் உக்காருதான்னு பாருங்க, ஓரத்துல நகம் போற அளவு இடைவெளி இருக்கான்னு தடவிப் பாருங்க, ஒரு மணி நேரம் கனமான வேலைய ஓட விட்டுட்டு டைப் பண்ணுங்க, கைய வைக்க முடியாத அளவு சூடாச்சுன்னா யோசிக்காம திருப்பி குடுத்துடுங்க.