பழைய ஆல்பம் கைக்கு வந்தால் செய்யக் கூடாதவை

1890களிலிருந்து 1920கள் வரை அமெரிக்க இளம்பெண்கள் தங்கள் சிநேகிதிகளைத் தாங்களே எடுத்த படங்களுக்கு இப்போது நல்ல மவுசு. வாங்குகிறவர்கள் பலரும் அதே சில இடங்களில்தான் சறுக்குகிறார்கள். எண்ணெய் விரல், செலோடேப் பற்றியெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை.

படத்தைப் பிய்ப்பது

ஒரு தம்பி ஏலத்தில் ஆல்பம் எடுத்தார். கறுப்புத் தாள், வெள்ளை மையில் குறிப்புகள். ஸ்கேன் பண்ண வசதியாக இருக்கும் என்று பிளேடால் கீறி எடுத்து, அளவுவாரியாகக் கவரில் போட்டுவிட்டு, தாள்களைக் குப்பைக்கு அனுப்பிவிட்டார். "படமெல்லாம் பத்திரமா இருக்குண்ணே" என்கிறார். என்ன பத்திரம்? யார் யாருக்கு சிநேகிதி, கடற்கரைக்குப் போனது எப்போது, பக்கத்தில் எந்தப் படத்துக்கு எது ஜோடி, எல்லாம் தாளோடு போயிற்று. மிச்சம் தொப்பி போட்ட பெண்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் வாழ்ந்த புகைப்படக்காரர் ஆலிஸ் ஆஸ்டினைப் பாருங்கள். 1891 ஆகஸ்ட் 6, இரவு 11 மணிக்கு அவரும் சிநேகிதி ட்ரூடும் முகமூடியும் உள்பாவாடையுமாக, வாயில் சிகரெட்டோடு நிற்கும் படம். தேதி, நேரம், ஃபிளாஷ், லென்ஸ் என்று எல்லாவற்றையும் நெகட்டிவ் உறையில் அவரே எழுதி வைத்தார். உறை தொலைந்திருந்தால் அது யாரோ இருவரின் மாறுவேடப் படம், அவ்வளவுதான்.

முதலில் முழுப் பக்கத்தையும் மேலிருந்து படம் பிடியுங்கள். பக்க எண் போடுங்கள். ஒட்டிய படத்தை ஒட்டியபடியே ஸ்கேன் செய்யுங்கள். மூலை ஒட்டியில் செருகியதை மட்டும் எடுத்துப் பின்பக்கம் பார்க்கலாம்.

எடுத்தவர் ஆண் என்று நினைப்பது

படத்தில் இருப்பவர்களின் கையைப் பாருங்கள். சில படங்களில் ரப்பர் பந்து தெரியும். அதை அமுக்கி, நீளக் குழாய் வழியே ஷட்டரை இயக்கியது படத்தில் நிற்கும் அந்தப் பெண்ணேதான்.

கேமராவை வைத்து ஆண்டு சொல்வது

கோடக்கின் பிரௌனி கேமரா 1900இல் ஒரு டாலருக்கு வந்தது. அக்கா வாங்கியதைத் தங்கை பத்து வருஷம் கழித்தும் தூக்கிக்கொண்டு சுற்றியிருப்பாள். சட்டைக் கையையும் பாவாடை நீளத்தையும் நம்புங்கள்.

உறவுக்குப் பெயர் வைப்பது

ஆஸ்டினும் கெர்ட்ரூட் டேட்டும் (மேலே சொன்ன ட்ரூட் வேறு ஆள்) 1917 முதல் 1945 வரை ஒரே வீட்டில் வாழ்ந்த துணைவியர். வெறும் "தோழி" என்றே பல காலம் எழுதித் தள்ளினார்கள். அதற்காகத் தோளில் கைபோட்ட எல்லாப் பெண்களையும் காதலர் ஆக்கிவிடாதீர்கள். அன்று அது சாதாரண போஸ். கண்ணுக்குத் தெரிவதை மட்டும் குறியுங்கள்.

கலர் ஏற்றுவது

வேண்டாம்.