அட்வான்ஸ்டு வகுப்புக்கு மாறும் குழந்தை: பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நேற்றுவரை புத்தகத்தைப் புரட்டாமலே முழு மார்க் வாங்கிய பிள்ளை, நன்றாகப் படிக்கும் பிள்ளைகளுக்காகக் கடினமான பாடங்களை வேகமாக நடத்தும் அட்வான்ஸ்டு வகுப்பில் சேர்ந்த முதல் மாதமே பாதிக் கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டு வந்து நிற்கும். பிள்ளையைவிட வீட்டில் இருப்பவர்கள்தான் அதிகம் திகைத்துப் போகிறார்கள். தவறுகள் அந்தத் திகைப்பில்தான் ஆரம்பிக்கின்றன.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, "நீ புத்திசாலியாச்சே, உனக்கா வராது?" என்று கேட்பது. தைரியம் சொல்வதாக நினைத்துத்தான் கேட்கிறோம். 'வரவில்லை என்றால் நான் புத்திசாலி இல்லை போல' என்று பிள்ளை புரிந்துகொள்கிறது. உளவியல் ஆய்வாளர்களான கிளாடியா முல்லரும் கேரல் டுவெக்கும் 1998-ல் வெளியிட்ட ஆய்வில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சில புதிர்களைக் கொடுத்து, சிலரைப் புத்திசாலி என்றும் வேறு சிலரை நன்றாக முயன்றாய் என்றும் பாராட்டினார்கள். அடுத்து வேண்டுமென்றே கடினமான புதிர்கள். அதில் தடுமாறிய பிறகு பழையபடி எளிதானவற்றைக் கொடுத்தபோது, புத்திசாலி என்று பெயர் வாங்கியவர்களின் மதிப்பெண் முன்பு எடுத்ததைவிடக் குறைந்தது, மற்றவர்களுக்குக் கூடியது. தங்கள் மதிப்பெண்ணைக் கூட்டிச் சொன்னவர்களும் முதல் கூட்டத்தில்தான் அதிகம்.

அதற்காக "முயற்சி செய், முயற்சி செய்" என்று மந்திரம் போலச் சொன்னாலும் வேலைக்கு ஆகாது. தவறான வழியில் எத்தனை முறை முயன்றாலும் தவறான விடைதான் வரும். "எந்த இடத்தில் நின்றுபோச்சு? வேறு எப்படிப் போட்டுப் பார்க்கலாம்?" என்று கேளுங்கள்.

அடுத்தது, ஹோம்வொர்க்கை நாமே முடித்துக் கொடுப்பது. நோட்டு சுத்தமாக இருந்தால் டீச்சருக்குப் பிரச்சினையே தெரியாது. அரைமணி நேரம் முயன்றும் வரவில்லை என்றால், வந்தவரை விட்டுவிட்டு "இதற்கு மேல் புரியவில்லை" என்று ஒரு வரி எழுதி அனுப்பலாம். பல நேரம் காரணம் சாதாரணமாக இருக்கும். வேகமாக நகரும் வகுப்புகளில் சில பாடங்களைத் தாண்டிப் போயிருப்பார்கள். நீள் வகுத்தலையோ பின்னத்தையோ பிள்ளை முறையாகப் படித்தே இருக்காது. எந்தப் பாடம் விடுபட்டது என்று டீச்சரிடம் கேட்டு அதை மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதும். எல்லாப் பாடத்துக்கும் டியூஷன் வைப்பது அவசரக் குடுக்கைத்தனம்.

"இத்தனை படிக்கிற பிள்ளை பென்சில் தொலைந்ததுக்கா அழும்?" என்றும் கேட்கிறோம். அழும். எட்டு வயதுப் பிள்ளை பன்னிரண்டு வயதுக்கான புத்தகத்தைப் படிக்கலாம். கையெழுத்தும் கோபமும் எட்டு வயதுக்குரியவையாகவே இருக்கும். அறிவு வளரும் வேகத்தில் மனசும் வளர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

பழைய வகுப்பில் முதலாவதாக இருந்த பிள்ளை இங்கே நடுவில் நிற்கும் என்பதை முன்கூட்டியே சொல்லாமல் விடுவதும் தவறுதான். திறமை ஒன்றாகவே இருந்தாலும், கெட்டிக்காரர்கள் நிறைந்த இடத்தில் தன்னைப் பற்றிய எண்ணம் இறங்கிவிடுவதை ஹெர்பர்ட் மார்ஷ் என்ற உளவியலாளர் 1980-களிலேயே ஆராய்ந்து எழுதியிருக்கிறார். முதல் நாளுக்கு முன்பே "அங்கே உன்னை மாதிரி நிறையப் பேர் இருப்பாங்க, எல்லாம் உடனே வராது" என்று சொல்லி வைத்தால் அதிர்ச்சி பாதியாகும்.

விளையாட்டையும் தூக்கத்தையும் வெட்டி நேரம் தேட வேண்டாம். ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் நாளுக்கு 9 முதல் 12 மணி நேரம் தூங்க வேண்டும் என்பது மருத்துவர்களின் பரிந்துரை.

கடைசியாக, இரண்டே வாரத்தில் பயந்துபோய்ப் பழைய வகுப்புக்கே மாற்றிவிடுவதும் தப்பு, கௌரவத்துக்காகப் பிடித்து வைத்திருப்பதும் தப்பு. ஒரு பருவம் முழுக்கப் பொறுத்துப் பார்க்கலாம். அதற்குப் பிறகும் பள்ளி நாட்களில் மட்டும் காலையில் வயிறு வலிக்கிறது என்றால், முன்பு விரும்பிப் படித்த புத்தகத்தைக்கூடத் தொடுவதில்லை என்றால், டீச்சரோடு உட்கார்ந்து பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது. அந்தப் பேச்சில் பிள்ளையும் கூட இருக்கட்டும்.